கூட்டத்திற்கும் ஒரு கணக்கு உண்டு

அழகிய பொருள் ஒன்று ஓர் ஊரில் இருப்பது அவ்வூருக்குப் பெருமை. அதனைக் காண நாள்தோறும் பல்லாயிரம் பேர் வருவது அவ்வூருக்கு வருவாய். ஆனால் வருவோரின் வண்டிகள் தெருக்களை அடைத்துக்கொள்ள, ஊர்மக்கள் தம் வீட்டு வாயிலைக் கடக்கவும் இயலாத நிலை வந்தால் அதனை என்னென்பது? பெருமையும் வருவாயும் சுமையாக மாறும் எல்லை எது? அந்த எல்லையை முன்கூட்டியே கணக்கிட்டு அறிய இயலுமா? அறிந்தபின் கூட்டத்தை நெறிப்படுத்த வழி உண்டா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு எடுத்துக்காட்டாக ஆக்ராவைக் கொள்கிறேன். தில்லியில் பயிலும் நம்மவர்க்கு அது நன்கு அறிமுகமான ஊர். ஊரிலிருந்து பெற்றோரோ உறவினரோ வந்து இறங்கினால், “தாஜ்மகாலைப் பார்த்துவிட வேண்டும்” என்பதுதானே முதற்பேச்சு? அழைத்துச் செல்லும் பொறுப்பும் நம்முடையதே. ஆகவே இந்தக் கணக்கு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நம் கால்களுக்கும் உரியது.

ஊரும் கல்லறையும்

தாஜ்மகாலின் தென்புறத்தை ஒட்டி அமைந்த குடியிருப்புக்குத் தாஜ்கஞ்ச் என்று பெயர். புகழ்பெற்ற கட்டடத்தைச் சுற்றிப் பிற்காலத்தில் முளைத்த கடைகளே அவை என்று வருவோர் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. 1632ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லறைப் பணியின் ஒரு பகுதியாகவே அங்குக் கடைத்தெருவும் சத்திரங்களும் கட்டப்பெற்றன. அந்நாளில் அப்பகுதிக்கு மும்தாசாபாத் என்று பெயர். கட்ரா உமர் கான், கட்ரா புலேல், கட்ரா ரேஷம், கட்ரா ஜோகிதாஸ் என்னும் நான்கு பிரிவுகளின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அக்கடைகள், சத்திரங்கள் ஆகியவற்றின் வருவாயும் 30 சிற்றூர்களின் வருவாயும் கல்லறையைப் பேணுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. வருவோரை ஏற்கவும், அவர்கள் தரும் பொருளால் கட்டடத்தைக் காக்கவும் அமைந்த ஊர் அது. ஆனால் அதன் தெருக்கள் ஒட்டகத்துக்கும் மாட்டுவண்டிக்கும் உரிய அகலத்தில் அமைந்தவை.

ஊர் அப்படியே இருக்க, ஊருக்கு வரும் வழிகள் மட்டும் பெருகின. 2012ஆம் ஆண்டில் 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச்சாலை திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் கதிமான் விரைவுவண்டி ஓடத் தொடங்கி, தில்லிக்கும் ஆக்ராவுக்கும் இடைப்பட்ட பயணத்தை 100 நிமிடங்களாகச் சுருக்கியது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவது எளிதாயிற்று. இதனால் வருவோர் தொகை கூடியது மட்டுமன்று. அவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேரவும் நேர்ந்தது. இவ்விரண்டனுள் பின்னதே பெரிய இடர் என்பதைக் கணக்கு நமக்குக் காட்டும்.

பெருக்கல் ஒன்று போதும்

கூட்டத்தைப் பற்றிய அறிவியலுக்கு வரிசைக் கோட்பாடு என்று பெயர். கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்பார், இணைப்புக்காகக் காத்திருக்கும் அழைப்புகளை ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் இதற்கு வித்திட்டார். 1961ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்கர் மிக எளிய விதி ஒன்றை நிறுவினார். அவ்விதி இதுதான்:

உள்ளிருப்போர் தொகை = வருகை வீதம் × தங்கும் நேரம்.

மணிக்கு 4,000 பேர் நுழைந்து, ஒவ்வொருவரும் சராசரியாக 2 மணி நேரம் தங்கினால், உள்ளே எந்நேரமும் ஏறத்தாழ 8,000 பேர் இருப்பர். தங்கும் நேரம் 3 மணியானால் 12,000 பேர். வருவோர் தொகை மாறவில்லை. ஆனால் நெருக்கம் ஒன்றரை மடங்காகிவிட்டது.

இவ்விதி தாஜ்மகாலில் நாள்தவறாமல் மெய்ப்படுவதைக் காணலாம். முழுநிலவு நாளிலும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களிலும் இரவுக் காட்சிக்கு இசைவு உண்டு. வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் விலக்கு. 2004ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தந்த இசைவின்படி நடைபெறும் ஏற்பாடு இது. ஓர் இரவுக்கு 400 பேர். 50 பேர் கொண்ட எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி நேரம். கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு 100 பேர், அரை மணித் தங்கல், பெருக்கினால் 50. நிலவொளியில் நிற்பவர் ஒருவர்க்கு உடன் நிற்போர் 49 பேருக்கு மேல் இல்லை. பகலில் வாராத அமைதி இரவில் வருவது நிலவால் மட்டுமன்று, இந்தப் பெருக்கலாலும்தான்.

பகலுக்கும் இவ்விதியை ஓரளவு பயன்படுத்தினர். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நுழைவுச்சீட்டுக்கு மூன்று மணி நேர எல்லை வகுக்கப்பட்டது. தோட்டத்தையோ மேடையையோ ஒரு சாண் கூட அகலப்படுத்த இயலாது. ஆனால் தங்கும் நேரத்தைக் குறைத்தால், இடத்தைப் பெருக்கியதற்கு ஒப்பான பயன் கிட்டும்.

இறுதிப் பத்து விழுக்காடு

‘ஓர் வாயில் மணிக்கு 3,000 பேரைச் சோதித்து உள்ளே அனுப்ப வல்லது, வருவோரோ 2,900 பேர்தாம், ஆகவே நெரிசல் இராது’ என்று ஒருவர் கூறலாம். இது பொது அறிவுக்குப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் உண்மைக்குப் பொருந்தாது.

நம் விடுதி உணவுக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் ஒருவர், ஒருவர்க்குச் சராசரியாக 15 விநாடி ஆகிறது. மாணவர் இடைவெளி ஒழுங்கின்றி, தற்செயலாக வருகின்றனர். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியின்படி, பரிமாறுபவர் தம் ஆற்றலில் பாதியளவு உழைக்கும்போது நாம் காத்திருக்கும் சராசரி நேரம் 15 விநாடி. 80 விழுக்காடு உழைக்கும்போது 1 நிமிடம். 90 விழுக்காட்டில் 2¼ நிமிடம். 95 விழுக்காட்டில் 4¾ நிமிடம்! கூட்டம் 80இலிருந்து 95 விழுக்காட்டுக்கு உயர்ந்தால் காத்திருப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. ஆகவே, கொள்ளளவு நிரம்பும் வரை அனுமதிப்பது அறிவுடைமையாகாது. சிறிது இடத்தை வெறுமையாக விட்டுவைப்பது வீணன்று. எஞ்சிய இடமெல்லாம் இயங்குவதற்கு அதுவே விலை.

வருகை கொள்ளளவையே மிஞ்சிவிட்டாலோ? அதே வாயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் 8,000 பேர் வருவதாகக் கொள்வோம். 6,000 பேர் உள்ளே சென்றிருப்பர்; 2,000 பேர் வெளியே நிற்பர்; கடைசியில் வந்தவர் 40 நிமிடம் நிற்க வேண்டும். அதே 8,000 பேர் மூன்று மணி நேரத்தில் பரவலாக வந்திருப்பின் இத்தகைய வரிசை எழாது. ஆளும் குறையவில்லை, வாயிலும் அகலவில்லை. காலம் மட்டும் விரிந்தது.

சாலை ஏன் உறைகிறது?

மனிதர் வரிசை இவ்வாறெனில், வண்டிகளின் நிலை இதனினும் கொடிது. வாயிலில் கூட்டம் கூடினாலும் வாயிலின் வேகம் குறைவதில்லை. சாலையில் கூட்டம் கூடினால் சாலையின் ஆற்றலே குறைந்துவிடும். அமெரிக்கராகிய புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் 1930களில் சாலையோரம் ஒளிப்படக் கருவியை வைத்து வண்டிகளின் வேகத்தையும் நெருக்கத்தையும் அளந்தார். நெருக்கம் கூடக்கூட வேகம் சீராகக் குறைகிறது என்று 1935ஆம் ஆண்டில் அவர் எழுதினார்.

இதனை எண்களில் காண்போம். வெற்றுச் சாலையில் வண்டியின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றும், ஒரு கிலோமீட்டரில் 120 வண்டிகள் நின்றால் சாலை முற்றிலும் உறையும் என்றும் கொள்வோம். கிலோமீட்டருக்கு 60 வண்டிகள் இருக்கும்போது வேகம் 20. மணிக்குக் கடப்பவை 1,200 வண்டிகள். இதுவே உச்சம். நெருக்கம் 100 ஆகும்போது வேகம் 7க்கும் கீழே வீழ்கிறது. கடப்பவை ஏறத்தாழ 670 வண்டிகள்தாம். சாலைக்கு அதிக வேலை தேவைப்படும் நேரத்தில், சாலை செய்யும் வேலை பாதியாகிவிடுகிறது. அதனால்தான் நெரிசலை அது தோன்றிய இடத்தில் தீர்க்க முயல்வது பயனற்றது. ஊருக்கு வெளியிலேயே தடுத்து, சிறிது சிறிதாக உள்ளே விடுவதே நெறி. சற்று நேரம் வெளியே நிற்பவர், உள்ளே சென்று சிக்கிக்கொள்பவரைவிட முன்னதாகவே போய்ச் சேர்வார்.

இனி, நிறுத்துமிடத்துக்கு வருவோம். 500 கார்கள் நிற்கக்கூடிய திடல் ஒன்று உண்டு. ஒவ்வொரு காரும் 5 மணி நேரம் நிற்கிறது. மணிக்கு 150 கார்கள் வருகின்றன என்று கொள்வோம். 3 மணி 20 நிமிடத்தில் திடல் நிரம்பிவிடும். முதற்கார் வெளியேறுவதோ ஐந்தாம் மணி முடிவில். இடைப்பட்ட 1 மணி 40 நிமிடத்தில் வரும் 250 கார்களுக்கு இடமே இல்லை. அவை எங்கே போகும்? ‘எவரேனும் வெளியேற மாட்டாரா’ என்று அதே தெருக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். இவ்வாறு இடம் தேடி அலையும் வண்டிகளே நகர்ப்புற நெரிசலில் பெரும்பங்கு கொள்வதை டொனால்ட் ஷூப் என்னும் அறிஞர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். திடல் நிரம்பிய செய்தி திடலின் வாயிலில் அறிவிக்கப்பட்டால் பயனில்லை. விரைவுச்சாலையின் முனையிலேயே அறிவிக்கப்பட வேண்டும்.

‘சாலையை அகலப்படுத்தினால் என்ன?’ என்று கேட்கலாம். அகன்ற சாலை புதிய வண்டிகளை ஈர்த்து, உச்ச நேரத்தில் மீண்டும் நிரம்பிவிடும் என்பதை அந்தோணி டவுன்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1962ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். மேலும், பத்து வழிச்சாலையை அமைத்தாலும் அது சென்று முடிவது பழைய தாஜ்கஞ்சில்தான். குடத்தின் வாய் அப்படியே இருக்க, ஊற்றும் குழாயை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்?

ஐந்நூறு மீட்டர்

தாஜ்மகாலைச் சூழ்ந்த 500 மீட்டர் எல்லைக்குள் வண்டிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. புகையால் பளிங்கு பழுதுபடாமல் காப்பதே அதன் முதல் நோக்கம். வருவோர் கிழக்கே ஷில்ப்கிராம் போன்ற இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டு, நடந்தோ பேட்டரி வண்டியிலோ வாயிலை அடைய வேண்டும். பளிங்குக்காக வகுத்த இவ்விதி நெரிசலுக்கும் மருந்தாயிற்று. ஒரு கார் நான்கு பேரைக் கொணர்ந்து, அவர்கள் திரும்பும் வரை இடத்தை அடைத்து நிற்கும். பேட்டரி வண்டி இறக்கிவிட்டு உடனே திரும்பும். லிட்டிலின் விதியில், முன்னதன் தங்கும் நேரம் ஐந்து மணி. பின்னதன் தங்கும் நேரம் சில நிமிடம்.

2024ஆம் ஆண்டு மார்ச்சில் ஆக்ரா மெட்ரோவின் முதற்பகுதி, தாஜ் கிழக்கு வாயில் முதல் மன்காமேசுவர் கோயில் வரை, ஆக்ராக் கோட்டை வழியாக ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவுக்குத் திறக்கப்பட்டது. கோட்டையையும் தாஜையும் காண்போர் இரண்டுக்கும் இடையே காரை நகர்த்தவேண்டிய தேவையை இது நீக்குகிறது.

ஆனால் இந்த எல்லைக்குள் மனிதர் வாழ்கின்றனர் என்பதை மறத்தலாகாது. தம் வீட்டுக்குத் தம் வண்டியைக் கொண்டுசெல்லவே தாஜ்கஞ்ச் மக்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். திருமண வீட்டுக்கு வரும் உறவினர் மூட்டையுடன் நடக்கின்றனர். நோயுற்ற முதியவரை அழைத்துச் செல்ல வரும் வண்டி எல்லையில் விளக்கம் கூறி நிற்க நேர்ந்தால், இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் கணக்கில் சேரும். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், 500 மீட்டருக்குள் வாணிகச் செயல்களை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்தோர் பெரிதும் கலங்கினர். வருவோரை ஏற்பதற்கென்றே உண்டாக்கிய ஊரார், வருவோரின் பொருட்டு அயலாராக்கப்படுவது முறையா? கட்டுப்பாடு வேண்டும்; அதன் சுமையை வருவோர் ஏற்க வேண்டும்; ஊரார் ஏற்கலாகாது என்பது என் கருத்து.

யாரைத் திருப்பி அனுப்புவது?

எல்லா வழிகளும் தீர்ந்தபின், ‘இன்று இவ்வளவு பேர்தாம்’ என்று சொல்லியே ஆகவேண்டிய நாட்களும் உண்டு. அது இயலாத செயலன்று. கொரோனாத் தொற்றுக்குப்பின் 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் தாஜ்மகால் மீண்டும் திறந்தபோது, நாளொன்றுக்கு 5,000 பேர் என்று வரையறுத்தே உள்ளே அனுப்பினர். எனவே, எப்படித் தடுப்பது என்பதைவிட யாரைத் தடுப்பது என்பதே கடினமான வினா.

முதல் வழி, விலை. 2018ஆம் ஆண்டு டிசம்பர் முதல், முதன்மைக் கல்லறையினுள் செல்ல 200 ரூபாய் தனிக்கட்டணம் விதிக்கப்பட்டது. இந்தியர்க்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். பெரியோர் ஐவர் கொண்ட குடும்பம் 250 ரூபாயில் தோட்டத்தைக் காணலாம். கல்லறையையும் காண 1,250 ரூபாய் வேண்டும். மேடையில் நெருக்கம் குறைய இது உதவும். ஆனால் குறைவோர் யார்? வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வரக்கூடிய ஏழை உழவர்தாம்.

இரண்டாம் வழி, முந்தி வந்தவர்க்கு முதலிடம். இது நேர்மையானதுபோல் தோன்றினும், விடியுமுன் வந்து நிற்க அருகில் அறை எடுக்கக்கூடியவர்க்கே நன்மை தரும்.

மூன்றாம் வழி, நேரம் குறித்த சீட்டு. எல்லார்க்கும் ஒரே விலை. ஆளுக்கு ஒரு மணிவேளை. வருகையை விரித்துப் பரப்புவதால் இதுவே கணக்குக்கும் இசைந்தது. இதிலும் ஒரு குறை உண்டு. கைப்பேசியில் பதிவு செய்யத் தெரியாதவர் வெளியே நிற்பார். ஆகவே ஒவ்வொரு மணிவேளையிலும் ஒரு பங்கைச் சாளரத்தில் நேரே வருவோர்க்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

ஒரு செய்தியை இங்கு நம் தமிழகத்திலிருந்து சேர்க்கலாம். சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024ஆம் ஆண்டு மே மாதம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025ஆம் ஆண்டு கோடைக்கு, உதகையில் வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலில் முறையே 4,000, 6,000 வண்டிகள் என்றும் எல்லை வகுத்தனர். உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு அளித்தனர். இந்த விலக்கில்தான் நீதி இருக்கிறது. எண்ணப்பட்டது கார், ஆள் அன்று. பேருந்தில் ஏறத் தயங்காதவர்க்கு மலை திறந்தே இருந்தது.

எனினும் ஓர் எச்சரிக்கை. ஓரிடத்தை மட்டும் இறுக்கினால் கூட்டம் மற்றோரிடத்தில் புடைக்கும். மணாலிக்கு மேலுள்ள ரோத்தங் கணவாய்க்கு நாள்தோறும் செல்லும் வண்டிகளின் தொகையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டில் வரையறுத்தது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறந்ததும், பனியை நாடிய கார்கள் அதன் வழியே அப்பாலுள்ள சிஸ்ஸுவுக்குப் பாய்ந்தன. கணவாய் காக்கப்பட்டது, சிற்றூர் திணறியது. ஆகவே கணக்கை ஒரு வாயிலுக்கு மட்டும் போடாமல், வழி முழுமைக்கும் போட வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கூட்டத்தைக் குறைக்க மூன்று பிடிகள் உள்ளன: வருகையை விரித்தல், தங்கலைச் சுருக்குதல், சிலநாள் வரம்பிடுதல். முதலிரண்டையும் நன்கு கையாண்டால் மூன்றாவதற்கு வேலை குறையும். இவற்றை ஆள்வது அரசின் கடமை. எனினும் முதற்பிடியின் ஒரு முனை நம் கையிலும் இருக்கிறது.

வீட்டார் வரும்போது வார இறுதியை விலக்குங்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும். கதிமான் வண்டியும் அன்று ஓடாது. விவரம் அறியாது செல்வோர் அடுத்த நாளின் நெரிசலைக் கூட்டுவர். ஷாஜஹானின் உர்ஸ் நடைபெறும் மூன்று நாட்களிலும் இலவச நுழைவு உண்டு, பெருங்கூட்டம் சேரும். காருக்குப் பதில் இரயிலில் செல்லுங்கள். நுழைவாயில் கதிரவன் எழுவதற்கு அரை மணி முன்னரே திறக்கும். ஆக்ராவில் ஓரிரவு தங்கினால் அந்த வேளை உங்களுடையது. தாஜ்கஞ்சில் தேநீர் அருந்துங்கள். அவ்வூரார்க்கும் பங்கு சேரட்டும்.

நம் ஒரு காரால் என்ன கெட்டுவிடும் என்று எண்ணுதல் இயல்பு. ஆற்றலில் 95 விழுக்காடு நிரம்பிய சாலையில், கூடுதலாக வரும் ஒவ்வொரு வண்டியும் பின்வருவோர் அனைவரின் காத்திருப்பையும் கூட்டுகிறது. அந்தப் பின்வருவோருள் நோயாளியை ஏற்றிய வண்டி ஒன்றும் இருக்கக்கூடும்.